ஆள் இல்லாத ஏழாவது இலை

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. குறைத்துச் சொல்லத்தான் பல தடவை முயன்றிருக்கிறேன். சொல்லைக் குறைத்தாலும் பயம் குறைந்தபாடில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். என் பேர் ருக்மணி. அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன்னே, எதிரே இருப்பது தெரியாத இருட்டில், பால்மரம் சீவப் போனவள். மரத்துக்கு ஒரு பேய் இருப்பதாக மற்ற பெண்கள் சொல்வார்கள். "இருந்தா வரட்டும், ரெண்டு வாளி தூக்கச் சொல்றேன்" என்பேன். அப்படிப்பட்ட வாய் எனக்கு. அந்த வாய் அடைத்துப்போனது 1957ஆம் வருஷம் ஜனவரி மாதம், போகி அன்று.

இடம், மலாக்கா காஜா பேராங். செட்டிகள் குடியிருக்கும் கம்பம், அதாவது கிராமம்.

மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமி நம் சாமி, விபூதி நம் விபூதி. பேச்சு மட்டும் மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே கலந்துவிட்டவர்கள். அப்படி ஒரு வீட்டுக்கு 1942இல் நான் மருமகளாகப் போனேன். ஜப்பான்காரன் காலம். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்துபோய், எங்கள் தோட்டத்துக்கு அரிசி லாரி ஓட்டி வந்த கலியாணசுந்தரத்துக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டார் அப்பா.

நல்ல மனுஷன். ஒரு வருஷம்கூட முழுசாகச் சேர்ந்து இருக்கவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். இப்போது அவனே மூட்டை கட்டுகிற நேரமும் வந்துவிட்டது. இவரைப் பற்றி மட்டும் ஒரு சேதியும் இல்லை. என் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது, புருஷன்தான் இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் நாட்டுக்குச் சுதந்திரம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. "நாட்டுக்கு நாள் குறிச்சாச்சு. எனக்கு எப்போ?" என்று நாத்தனார் ஜெயாவிடம் கேட்பேன். அவள் சிரிப்பாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பண்டார் ஹிலிரில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை. பக்கத்து அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை சேதுபதிக்கு. மனைவியை இழந்தவர். விரல் நுனியெல்லாம் கறுப்பு மையாக இருக்கும். அந்தக் கையை மறைத்துக்கொண்டே ஒரு நாள் கேட்டார்.

"பொங்கல் கழிச்சு நான் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போறேன். நீங்க வர்றதா இருந்தா, முறையா வீட்டுக்கு வந்து கேக்குறேன். இல்லேன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

எனக்கு முப்பத்திரண்டு வயது. மறைக்க என்ன இருக்கிறது? போக வேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருந்தது.

என் மாமியார் பாக்கியம் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "என் மகன் சாகல. புருஷன் உயிரோட இருக்கிறவளுக்கு இன்னொரு கல்யாணமா?" இதை அவர் மலாயில் கேட்டார். அத்தைக்குத் தமிழ் வராது. கோவிலில் நாலு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அவர் பேசியதையெல்லாம் நான்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் சின்ன மாமா அப்பாசாமி, அதாவது மாமனாரின் தம்பி, அந்த வீட்டில் பூசை காரியம் பார்க்கிறவர். அவர்தான் குறுக்கே வந்தார்.

"அண்ணி, இந்தப் போகிக்கு அவனுக்கும் ஒரு இலை போட்டுடுவோம். அவன் வந்து சாப்பிட்டா போய்ச் சேர்ந்துட்டான்னு அர்த்தம். இலை அப்படியே இருந்தா உயிரோட இருக்கான். இந்தப் பொண்ணுக்கு ஒரு முடிவு தெரியட்டும்."

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஜனவரி வந்தால் அந்தக் கம்பத்துக்கே வேறு முகம் வந்துவிடும். வீட்டுக்கு வீடு வாசலில் மாவிலை கட்டுவார்கள். வெள்ளை அடிப்பார்கள். போகி அன்று விடிகாலையில் பழைய பாயையும் துணியையும் கொளுத்துவார்கள். பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கி வைப்பார்கள். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் போகி அன்றைக்குச் செத்தவர்களுக்குப் படைப்பதுதான். பார்ச்சு என்று சொல்வார்கள். கூடத்தில் சாமி மாடத்துக்கு முன்னால் வரிசையாக வாழையிலை போட்டு, தேங்காய்ப்பால் சோறு, மீன், இறால், கோழி, பலகாரம் எல்லாம் வைப்பார்கள். எத்தனை இலை என்றாலும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுகிற நேரம் காத்திருந்து, பெரியவர் மூன்று தடவை கதவைத் தட்டுவார். வந்தவர்கள் எழுந்து போவதற்காக அந்தத் தட்டு. அதற்கப்புறம்தான் திறப்பார்கள். இடையில் உயிருள்ளவர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் வழக்கமாக ஐந்து இலை. அவருக்கும் போட்டால் ஆறு. ஆறு இரட்டைப்படை. அதனால் ஏழாவதாக இன்னொன்று போடச் சொன்னார் சின்ன மாமா.

"ஏழாவது யாருக்கு?" என்றேன்.

"யாருக்கும் இல்ல. கணக்குக்குத்தான்."

அத்தையே ஏழு இலை எண்ணி எடுத்துக் கொடுத்தார். காலையில் இருந்தே அவர் முகம் கல்லாக இருந்தது. ஆறாவது இலையை நான்தான் போட்டேன். என் புருஷனுக்குப் பிடித்த மீனை நடுத்துண்டாகப் பார்த்து வைத்தேன். இதில் அவர் கை வைத்தால் நான் விதவை. வைக்காவிட்டால் காலமெல்லாம் இந்த வீட்டு மருமகள். எதை வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியாக ஏழாவது இலையில் பரிமாறினேன். ஆள் இல்லாத இலைதானே என்று வால் துண்டை வைத்தேன்.

கூடத்துக் கடிகாரத்தில் ஏழு அடித்தது. சின்ன மாமா கதவைச் சாத்தினார்.

வெளியே முற்றத்தில் நின்றோம். நான், சின்ன மாமா, ஜெயா, அவளுடைய இரண்டு பிள்ளைகள். தெங்கேரா பக்கத்திலிருந்து பாங்கு ஓசை வந்து ஓய்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இப்படித்தான் கதவைச் சாத்திவிட்டு ஆட்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அத்தையைக் காணோம்.

"அம்மா எங்கே?" என்று ஜெயாவைக் கேட்டேன்.

"இப்பத்தான் இங்க இருந்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அத்தை உள்ளேயே இருந்துவிட்டார். மகன் இலையில் எது குறைந்தாலும் அதை நிரப்பி, அலுங்காமல் குலுங்காமல் வைத்துவிடப் போகிறார். பதினாலு வருஷமாகக் காத்திருந்த எனக்கு இந்த ஒரு வழியையும் அடைக்கப் பார்க்கிறார். பயமெல்லாம் அப்போது வரவில்லை. கோபம்தான் வந்தது. பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

அடுப்படிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது நான்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே போனேன். அடுப்பு அணைந்திருந்தது. மீன் குழம்பு வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை. சேறு. நாள்கணக்கில் மழையில் ஊறிய மூங்கில். அன்றைக்கு ஒரு சொட்டு மழை கிடையாது. தரையில் கால் வைத்த இடம் ஈரமாக இருந்தது.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரை. அதன் இந்தப் பக்கம் நின்றேன். கூடத்தில் யாரோ மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்டது...

திரையைக் கொஞ்சமாக விலக்கினேன்.

அகல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுடர் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. காற்று இல்லை. இலைகளுக்கு முன்னால் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். முதுகை எனக்குக் காட்டி. தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கை இலைக்கும் தனக்குப் பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தது.

அத்தைதான். வேறு யார்?

ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது மகனுடைய இலைக்கு முன்னால் இல்லை. அதற்கு அடுத்த இலைக்கு முன்னால். ஏழாவது இலைக்கு.

"அத்தை..." என்று கிசுகிசுத்தேன். "எழுந்து வாங்க. சின்ன மாமா தட்டப் போறாரு."

கை நின்றது.

அவள் திரும்பவில்லை. முகத்தைக் காட்டவில்லை. இடக் கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெல்ல மெல்லத் தாழ்த்தினாள். சத்தம் போடாதே... பிள்ளை பயந்துடும்... என்று தாய்மார்கள் காட்டுவார்களே, அப்படி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் வெளியே அல்லவா இருக்கிறார்கள்?

மறுபடி கை இலைக்குப் போனது. மறுபடி அந்த மெல்லிய பேச்சு. இப்போது வார்த்தை தெளிவாகக் கேட்டது.

"இந்தா... ஒரு வாய்... முள்ளு எடுத்துட்டேன்... இன்னும் ஒரே ஒரு வாய்..."

தமிழ்.

அத்தைக்குத் தமிழ் வராது.

அதே நேரம் வெளியே, வாசல் பக்கம், மாமரத்தடியில் இருந்து அத்தையின் குரல் மலாயில் கேட்டது. "எங்கே ருக்மணி? இவ எங்கே போனா?"

ஓட வேண்டும் என்று நினைத்தேன். கால் வரவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தேன். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது...

என் சேலையை யாரோ இழுத்தார்கள்.

கீழே இருந்து. முழங்கால் உயரத்தில்.

ஒரு தடவை. விட்டு, இன்னொரு தடவை.

நான் குனிந்து பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் யாரோ மெல்லுகிற சத்தம். வாயை மூடாமல், அவசர அவசரமாக...

டொக்.

டொக்.

டொக்.

கதவு திறந்தது. சின்ன மாமா விளக்கைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் ஜெயா. அவளுக்குப் பின்னால் அத்தை.

கூடத்தில் யாரும் இல்லை, திரையோரம் நின்ற என்னைத் தவிர.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. நேராக ஆறாவது இலைக்குப் போனார். மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். சோறு அப்படியே. மீன் அப்படியே. ஒரு பருக்கை நகரவில்லை.

"பாத்தீங்களா?" என்று கத்தினார். "என் மகன் வரல! உயிரோட இருக்கான்! நான் சொன்னேனே!" அழுதார், சிரித்தார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சின்ன மாமா அவரைக் கவனிக்கவில்லை. ஏழாவது இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இலையில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. மிச்சச் சோறு சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைக்கப்பட்டிருந்தது. குழந்தை வாய்க்கு ஏற்ற உருண்டை. மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தது.

"நீ செஞ்சியா?" என்று என்னைக் கேட்டார்.

தலையை ஆட்டினேன், இல்லை என்று. என் கையை இழுத்து முகர்ந்து பார்த்தார். மீன் வாசனை இல்லை. அப்புறம் அவர் பார்வை கீழே போனது. நானும் அப்போதுதான் பார்த்தேன். என் சேலையில், முழங்கால் பக்கம், மஞ்சள் குழம்பும் பருக்கையும் ஒட்டியிருந்தன. பிஞ்சு விரல் தடம். நாலு விரலும் தெளிவாகத் தெரிந்தன.

ஜெயா தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பேர் கையும் சுத்தமாக இருந்தது. இரண்டு பேரும் அவள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

"யாரையோ உள்ள விட்டுட்டோம்" என்றார் சின்ன மாமா.

மறுநாள் பொங்கல். எல்லார் வீட்டிலும் பால் பொங்கியது. எங்கள் வீட்டிலும் பொங்கியது. யாருக்கும் வாய் விட்டுச் சிரிக்கத் தோன்றவில்லை. அதற்கடுத்த நாள் சேதுபதியைப் பார்த்தேன். "இலை அப்படியே இருந்துச்சு. என்னால வர முடியாது" என்றேன். அவர் வாதாடவில்லை. "மனசு மாறினா சொல்லி அனுப்புங்க, அங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனார். அன்று ராத்திரி நான் அழுதேன். பயத்திலும் அழுதேன், வயிற்றெரிச்சலிலும் அழுதேன்.

அதோடு விட்டதா? இல்லை. அதற்கப்புறம் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நான் சோறு வடித்தால், சேலையை இழுக்கும். தினமும் இல்லை. எப்போதாவது. நெருப்புப் பக்கம் நின்றுகொண்டிருக்கும்போது, பின்னால் இருந்து, முழங்கால் உயரத்தில், மெதுவாக. பசித்த பிள்ளை கேட்குமே, அப்படி. நான் வெளிச்சம் இருக்கும்போதே சமையலை முடிக்க ஆரம்பித்தேன். அத்தை ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவரையும் இழுத்திருக்கிறது.

செப்டம்பரில்தான் அந்த ஆள் வந்தார். சுதந்திரக் கொடிகளை இன்னும் கழற்றவில்லை. வெயில் சாய்கிற நேரம், வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். ராமச்சந்திரன் என்று பேர். ஜொகூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. ஒரு கால் சரியாக ஊன்றவில்லை.

"கலியாணசுந்தரம் வீடு இதுங்களா?"

அத்தை மகன் பேரைக் கேட்டதும் ஓடி வந்தார். வந்தவருக்கு மலாய் அரைகுறை. அத்தைக்குத் தமிழ் கிடையாது. நடுவில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லாக நான்தான் அத்தைக்கு மலாயில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தத் தண்டனை யாருக்கும் வரக் கூடாது.

"சயாம்ல நானும் அவரும் ஒரே கொட்டகைம்மா. நாப்பத்தஞ்சுல, போகி சமயம். அவரு போயிட்டாரு. வந்து சொல்லணும்னு ஒவ்வொரு வருஷமும் நெனப்பேன். தைரியம் வரல."

அத்தையிடம் சொன்னேன். அவர் கண் கொட்டவில்லை. "எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"பசி. அப்புறம் பேதி." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பக்கத்துக் கொட்டகையில வடக்கே கெடா பக்கத்துப் பொண்ணு ஒன்னு, சீதான்னு பேரு. புருஷன் செத்துப்போயிட்டான். கையில ரெண்டு வயசுப் பிள்ளை. அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியல. அங்க வேலை செஞ்சாத்தான் சோறு. இவரு தன்னோட சோத்தை எடுத்துக்கிட்டுப் போயி அவங்களுக்குக் குடுப்பாரு."

நான் கேட்டேன். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அவங்க இவருக்கு என்ன உறவு?"

"உறவு என்னம்மா உறவு. யாரோ எவரோ. அந்தப் பிள்ளை இவரு போற எடமெல்லாம் இடுப்புச் சாரத்தைப் பிடிச்சிக்கிட்டே வரும். எங்க வீட்டுல போகிக்கு இலை போடுவாங்க, தேங்காய்ப்பால் சோறு இருக்கும், மீன் இருக்கும், உன்னையும் உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்னு அதுகிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. மூணு பேரும் ஒரே வாரத்துல போயிட்டாங்க."

அதையும் மலாயில் சொன்னேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என் மகன் சாப்பிடவே இல்லையா?" என்றார். "கேளு."

கேட்டேன்.

ராமச்சந்திரன் சரியில்லாத காலை நீட்டிக்கொண்டார். "அந்தப் பிள்ளையும் பொண்ணும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இவரு கை வைக்க மாட்டாரும்மா. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. நான் திட்டுவேன். அவங்க முடிக்கட்டும், அப்புறம் சாப்பிடுறேன்னுவாரு. முடிக்கிறதுக்குள்ள வேலைக்கு மணி அடிச்சிடும். பசியோடயே எழுந்து போவாரு. தினமும் அப்படித்தான்."

இதை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. சொல்லி முடித்ததும் அத்தையின் கை என் மணிக்கட்டிலிருந்து நழுவியது. அவர் திரும்பிச் சாத்தியிருந்த கூடத்துக் கதவைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சின்ன மாமாவுக்கும் தெரிந்தது. ஜனவரியிலும் அவர்கள் சாப்பிட்டு முடிக்குமுன்னே, அந்த மணி மாதிரி, அவர் தட்டிய தட்டு...

அத்தை எழுந்தார். அடுப்படிக்குப் போனார்.

போகியும் இல்லை, பொங்கலும் இல்லை. மாவிலை இல்லை. அவரே தேங்காய் துருவினார். அவரே மீன் ஆய்ந்தார். என்னை உள்ளே விடவில்லை. இருட்டிய பிறகு கூடத்தில் மூன்று இலை போட்டார். மூன்றிலும் நடுத்துண்டு வைத்தார். விளக்கு ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"என் மகன் செத்துட்டான்" என்றார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. "நீ சேதுபதிகிட்டப் போ." தாலியை அவரே அவிழ்த்தார். (அடுத்த வாரமே நான் கோலாலம்பூருக்கு பஸ் ஏறினேன். அது வேறு சமாச்சாரம்.)

"எல்லாரும் வெளியே போங்க" என்றார். "நான் உள்ள இருக்கேன்."

"அண்ணி, உயிரோட இருக்கிறவங்க உள்ள இருக்கக் கூடாது" என்றார் சின்ன மாமா.

"என் பிள்ளைக்கு நான் பரிமாறணும்."

கதவைச் சாத்திக்கொண்டார்.

முற்றத்தில் நின்றோம். நான், சின்ன மாமா, ஜெயா, ராமச்சந்திரன். வழக்கமான நேரம் கடந்தது. அதற்கு மேலும் கடந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வயசானவர். உள்ளே என்ன ஆனாரோ...

அடுப்படிப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்றாள் ஜெயா. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சேறு வாசனை வந்தது. மூங்கில் வாசனை வந்தது. சின்ன மாமாவும் முகர்ந்தார். ராமச்சந்திரன் முகம் வெளிறிப்போய், சரியில்லாத காலை இழுத்துக்கொண்டு வாசற்படிவரை பின்வாங்கினார்.

"அந்த எடத்து வாசனை" என்றார்.

சின்ன மாமா கதவு அருகே போனார். கையை ஓங்கினார். ஒரு தட்டு.

டொக்.

உள்ளே இருந்து அத்தையின் குரல் வந்தது. தாழ்ந்த குரல். பக்கத்தில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேசுகிற குரல்.

"தட்டாதீங்க... அவன் இப்பத்தான் உக்காந்தான்."

சின்ன மாமா ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார்.